சக்கர நாற்காலியோடு ஊர்ப்புறம் சுற்ற அம்பாசமுத்திரம் பக்கம் வழி உண்டா?

பிப்ரவரி 2

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சக்கர நாற்காலிதான். ஏப்ரல் கடைசியில் பத்து நாள் அம்பாசமுத்திரத்தில் இருப்போம். யாரைக் கேட்டாலும் அருவி அருவி என்கிறார்கள். வயலையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு போக ஒரு பாதை, நடுவில் ஒரு டீ. இவ்வளவுதான் வேண்டும். அப்படி ஏதாவது உண்டா?"

உண்டு. ஆற்றுக்குப் போகாதீர்கள். வாய்க்கால் கரைக்குப் போங்கள்.

என் அம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கால் இன்னும் ஊன்ற வராது. கொஞ்சம் தேறியதும் நான் முதலில் கூட்டிப்போனது தாமிரபரணிக்குத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினம் குளித்த ஆறு, பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். படித்துறையில் இருபத்தி மூன்று படி. நாற்காலி மேல் படியிலேயே நின்றுவிட்டது. கீழே துணி துவைக்கிற சத்தம், பிள்ளைகள் குதிக்கிற சத்தம் எல்லாம் கேட்கிறது. மருத மரக் கிளை மறைத்ததால் தண்ணீர் மட்டும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் இருந்தாள். "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றாள். வழி முழுக்கப் பேசவில்லை.

வாய்க்கால் கரை தற்செயலாகக் கிடைத்தது. மெயின் ரோட்டில் லாரி அதிகமாக இருந்த ஒரு காலையில் பக்கத்துக் கரையில் திருப்பினேன். நாற்காலி தன்னால் போவது மாதிரி போனது. ஏன் என்று அன்றைக்கு இரவுதான் யோசித்தேன். தண்ணீர் கரையை அரிக்காமல் மெதுவாகப் போகவேண்டும் என்றால் வாய்க்காலை மேடு பள்ளமில்லாமல் சுற்றிச் சுற்றி வெட்டவேண்டும். பெரிய பாசனக் கால்வாயில் ஆயிரம் அடிக்கு ஓரடி இறங்கினாலே அதிகம். சக்கர நாற்காலிச் சரிவுக்குச் சொல்கிற அளவு பன்னிரண்டு அடிக்கு ஓரடி. அந்தச் சரிவிலேயே அம்மாவை ஏற்ற எனக்கு மூச்சு வாங்கும். கரையில் சரிவு இருப்பதே கைக்குத் தெரிவதில்லை.

கன்னடியன் கால்வாய்க்கு எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கால்வாய் வெட்ட வந்த கன்னடக்காரர் ஒரு பசுவின் பின்னால் போனாராம். பசு போன வழியே கால்வாய், அது படுத்த இடத்திலெல்லாம் குளம். சின்ன வயதில் கேட்டபோது வெறும் கதையாகத்தான் இருந்தது. இப்போது நாற்காலி தள்ளும்போது நினைத்துக்கொள்கிறேன், மாடு ஒருநாளும் வேண்டுமென்றே மேட்டில் ஏறாது.

பிப்ரவரி 3

எந்த வாய்க்கால் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. மேலிருந்து கீழே: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக இருப்பது மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, அதிலிருந்து சின்ன வாய்க்கால்கள், குளங்கள். நான் அதிகம் போவது தென்கரையில், கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட பக்கம். "இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடியுங்கள்" என்று எழுத மாட்டேன். கரை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் நாங்கள் போய்க்கொண்டிருந்த அரைக் கிலோமீட்டர் துண்டு இன்னும் சரளையும் பள்ளமுமாகத்தான் கிடக்கிறது.

பிப்ரவரி 9

முதல் குறிப்பில் அவசரப்பட்டுவிட்டேன். வாய்க்கால் கரை என்றால் எல்லாக் கரையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிராக்டரும் கதிர் அறுக்கிற மிஷினும் போவதற்காகத் தார் போட்ட கரைதான் நமக்கு. வெறும் மண் கரை வெயில் காலத்தில் கல் மாதிரி இருக்கும். அதை நம்பி மழைக்கு மறுநாள் போனால் முன் சக்கரம் புதைந்துவிடும். சிமெண்ட் பூசின சின்ன வாய்க்காலில் கரை என்பதே ஒரு அடி அகலம், அங்கே ஆள்தான் நடக்கலாம். ஆகவே முதல் நாள் நாற்காலி இல்லாமல் நீங்கள் மட்டும் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். சைக்கிள் குலுங்குகிற இடத்தில் நாற்காலியில் இருப்பவருக்கு முதுகு வலிக்கும். சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய இடத்தில் நாற்காலி போகாது.

இன்னொன்று, இது பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுவடை நேரம். தார் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்கள். நெல்மேல் ஏற்றக்கூடாது, அதைச் சொல்லவேண்டியதில்லை. வைக்கோல்மேல் போனாலும் முன் சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்டு நாற்காலி ஒரே பக்கமாக இழுக்கும். சின்னக் கத்தரிக்கோல் ஒன்று பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

மடை இருக்கிற இடத்தில் கரையின் குறுக்கே கல் பலகை போட்டிருக்கும். இரண்டு பலகைக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளி. பேசிக்கொண்டே வந்ததில் நான் கவனிக்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கின. நாற்காலி நின்றுவிட்டது, அம்மா நிற்கவில்லை. இடுப்புப் பட்டை போட்டிருந்ததால் தப்பித்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரமானது. வயலில் இருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் ஒருவர், "அண்ணாச்சி, ஏத்தும்போது பின்னாலே திருப்பி இழுக்கணும், கை வண்டி அப்படித்தான் ஏத்துவோம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பெரிய சக்கரம் முதலில் போனால் நான்கு விரல் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. இறக்கத்திலும் அப்படித்தான், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நாம் முதலில் இறங்கவேண்டும்.

மூன்று வருஷமாகத் தள்ளுகிறேன், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாற்காலி வாங்கிய கடையில் மடிக்கக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். "அந்தக் கொக்கு பறக்கவே இல்லை பாரு" என்றாள். மடையில் ஒரு குருட்டுக்கொக்கு நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு களேபரத்திலும் அது அசையவில்லை, உண்மைதான்.

பிப்ரவரி 17

இடுப்புப் பட்டை. நேற்றைய குறிப்பில் அது ஒரு வார்த்தையாகப் போய்விட்டது. வீட்டுக்குள் எங்களுக்குத் தேவைப்படவில்லை. வெளியே எடுத்தால் பட்டை இல்லாமல் ஒரு அடி தள்ளாதீர்கள்.

மார்ச் 2

டீக்கடைக்கு வருவோம். கேட்டவர் டீயைக் கடைசியில் போட்டிருந்தார். எனக்கு இப்போது அதுதான் முதலில் வருகிறது. எங்கே உட்கார்ந்து குடிப்போம் என்று தெரிந்த பிறகுதான் பாதையையே முடிவு செய்கிறேன்.

நாங்கள் போகிற கடை கரை முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில், ஒரு வேப்ப மரத்தடியில். கடைக்கு முன்னால் சாக்கடை கிடையாது. இது பெரிய விஷயம். ஊருக்குள் எந்தக் கடைக்குப் போனாலும் முன்னால் சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை, அப்புறம் இரண்டு படி. நாற்காலி ரோட்டிலேயே நிற்கும், டீயை வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் மற்றவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, பஸ் தூசியில் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பது ஒரு மாதிரி இருக்கும். அம்மா அப்படி இரண்டு தடவை குடித்துவிட்டு மூன்றாம் தடவை வேண்டாம் என்றுவிட்டாள்.

மரத்தடிக் கடையில் பெஞ்சே வெளியில்தான். எல்லோரும் வெளியில்தான் உட்காருகிறார்கள். பெஞ்சின் ஓரத்தில் நாற்காலியை ஒட்டினால் அம்மாவும் பெஞ்சில் ஒரு ஆள். முதல் நாளே ஒரு பெரியவர் நகர்ந்து இடம்விட்டு, "ஆச்சி எந்த ஊரு?" என்று கேட்டார். அம்மா தன் பிறந்த ஊரைச் சொன்னாள். அவருக்கு அங்கே பெண் கொடுத்திருந்தது. அதற்கப்புறம் நான் அங்கே தேவைப்படவில்லை.

அங்கே ஏழரை மணிக்கு ஆமவடை போடுவார்கள். எட்டரைக்குப் போனால் ஆறின வடைதான். ரசவடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். கருப்பட்டிக் காபி உண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்லது.

மார்ச் 3

நேற்றைய கடைசி வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மருத்துவர் தனியாக எழுதியிருக்கிறார். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. நானே இத்தனை நாள் தைரியமாக வாங்கிக்கொடுத்திருக்கிறேன். இன்று முதல் அவளுக்கு இனிப்பில்லாத சுக்குத் தண்ணீர். முகத்தைச் சுளிக்கிறாள். வடையில் பாதியை எனக்குத் தருவது நின்றுவிட்டது.

மார்ச் 15

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். கழிப்பறை.

கிளம்புகிற நாளில் அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "நடுவழியில வந்தா என்ன செய்ய?" என்று அம்மா அவளிடம் கேட்டாளாம். வெயிலில் ஒன்றரை மணி நேரம், எழுபத்தாறு வயது, பிரஷர் மாத்திரை, தண்ணீர் இல்லை. நான் மகிழ்ச்சியாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஊர்ப்புறத்தில் நாற்காலி நுழைகிற கழிப்பறை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடத்திலும் வாசலில் படி இருக்கும், கதவு குறுகல், உள்ளே குத்தவைக்கிற வகை. பெட்ரோல் பங்க்கில் சில இடத்தில் பரவாயில்லை, முதலிலேயே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். நாங்கள் செய்வது: மடக்குகிற கமோடு நாற்காலி ஒன்று காரின் பின்னால், இரண்டு பழைய சேலை. வாழைத்தோப்பு ஓரத்தில் காரை நிறுத்திக் கதவு இரண்டையும் திறந்து சேலையைக் கட்டினால் ஒரு அறை ஆகிவிடும். என் மனைவியோ தங்கையோ கட்டாயம் கூட வருவார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பயன்படுத்த வேண்டியதே இரண்டு தடவைதான் வந்தது. ஆனால் அம்மா தண்ணீர் குடிக்கிறாள்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொது இடம் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்று இருக்கிறது. கேட்கவேண்டியது நம் கடமை, நானும் மனு கொடுத்திருக்கிறேன். அது வருகிறவரை சேலை.

மார்ச் 16

வெயில் எந்தப் பக்கம் என்று கேட்ட தங்கைக்கு: நல்ல கேள்வி, நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், நாற்காலியில் இருப்பவர் வண்டி பார்க்கிற பக்கமே பார்க்கவேண்டும். காலையில் மேற்கே பார்த்துக் கிளம்புங்கள். வெயில் முதுகில், எதிரே பொதிகை மலை முழுக்க வெளிச்சம். திரும்பும்போது மேலே ஏறியிருக்கும், குடை போதும். மாலையில் நாலரைக்குமேல் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும். அப்புறம் வெகு நேரம் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. அம்மாவுக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

ஏப்ரல் 6

திருப்புடைமருதூர் போய்வந்தோம். அம்பாசமுத்திரத்துக்கு வருகிறவர்கள் இதை விடக்கூடாது.

கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம். நாறும்பூநாதர் கோவில். ராஜகோபுரத்துக்குள் நிலை நிலையாக மரச் சிற்பமும் சுவர் ஓவியமும் உண்டு, அது ஏறிப் பார்க்கவேண்டியது, நமக்கில்லை. நமக்கு வெளியே மரங்கள். பெரிய பெரிய மரங்களில் நாரையும் கொக்கும் வக்காவும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பாதுகாத்து வந்த இடம், 2005-ல் அரசு பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே அந்த வகைக் காப்பகத்தில் முதலாவது. பறவை பார்க்க வேறு இடங்களில் கோபுரம் ஏறவேண்டும். இங்கே பறவை தலைக்கு மேலே. அண்ணாந்து பார்த்தால் போதும்.

அண்ணாந்து பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவின் கழுத்து அவ்வளவு வளையாது. சக்கரத்தைப் பூட்டாமல் நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, கைப்பிடியை என் இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம். "அந்தக் குஞ்சுக்கு வாயில ஊட்டுது பாரு, பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் நெற்றிதான் தெரிந்தது. தலையில் தொப்பியோ துண்டோ கட்டாயம், காரணம் தெரிந்ததுதான்.

ஏப்ரல் 27

கூந்தன்குளம். நாங்குநேரி வட்டம், எங்களுக்குத் தூரம், காரில் போகவேண்டும். 1994-ல் சரணாலயமானது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுவதால் ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. குளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நன்றாகத் தள்ள முடிந்தது. கண்காணிப்புக் கோபுரம் படிக்கட்டு.

பாதையைவிட எனக்கு நினைவில் நிற்பது வரும் வழியில் குடித்த பதநீர். பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு சீவிப் போட்டுத் தந்தார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும், அம்மாவுக்கு ஒரு கைதான். விற்ற பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து பட்டையைத் தானே தாங்கிப் பிடித்தாள். சர்க்கரை அன்றைக்குக் கணக்கில் இல்லை. (மருத்துவர் ஐயா மன்னிக்கவேண்டும். நான்கு வாய்தான்.) காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும்.

மே 4

முதலில் கேள்வி கேட்டவர் வந்து பத்து நாள் தங்கித் திரும்பிவிட்டார். மூன்று காலை கரைக்குப் போனார்களாம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்று அவருடைய அம்மாவுக்கு வருத்தம். இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பிசானம் அறுத்தபின் அடைத்துவிடுவார்கள், அடுத்த நெல் போகமான கார் சாகுபடிக்குத் திறக்கும்வரை வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். தண்ணீரோடு பார்க்க ஆனி ஆடி அல்லது ஐப்பசிக்கு மேல் வாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பார்த்து.

ஜூலை 13

"ஆற்றுக்குப் போகாதீர்கள்" என்று பிப்ரவரியில் எழுதினேன். அதை இன்று மாற்றிக்கொள்கிறேன்.

காலையில் கரையில் போய்க்கொண்டிருந்தோம். வாய்க்கால் நிறையத் தண்ணீர், நாற்று நட்டு பத்து நாள் ஆன வயல். சாரல் காற்று. துணி துவைக்கிற கல் போட்ட இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள். "கால் நனைக்கணும்" என்றாள். கரைக்கும் தண்ணீருக்கும் மூன்றடி சரிவு, நாற்காலியை இறக்க முடியாது. அங்கே துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து வைத்தார். நான் மிதிபலகையை மடக்கி, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் வாளிக்குள் வைத்தேன். இடது காலுக்கு உணர்ச்சி குறைவு. வலது காலால் இடது காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஆத்துத் தண்ணிதானே இது?"

"ஆமாம்மா. அணைக்கட்டில திரும்பி வருது."

"சில்லுனு அப்படியே இருக்கு."

அந்த அம்மாள் இரண்டு தடவை வாளியை மாற்றித் தந்தார். கடைக்குப் போக எட்டே முக்கால் ஆகிவிட்டது. வடை தீர்ந்திருந்தது.

ஜூலை 14

வாளி பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அகலமான வாளி வேண்டும், குறுகலானதில் இரண்டு கால் சேர்ந்து போகாது. அன்னக்கூடை என்கிற வாய் அகன்ற பாத்திரம் இன்னும் நல்லது, உயரமும் குறைவு. காரில் கமோடு நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது ஒன்று கிடக்கிறது.

ஆகஸ்ட் 3

இரண்டு சேதி. பிப்ரவரி 16 அன்று மாட்டிய மடைப் பலகையில் இடைவெளியை யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். யார் என்று டீக்கடையில் கேட்டேன், அன்று தூக்கிவிட்ட இரண்டு பேரில் ஒருவர் தன் வீட்டு வேலையில் மிஞ்சிய கலவையைக் கொண்டுவந்து போட்டாராம். அதற்கு அடுத்த பலகை இன்னும் அப்படியே இருக்கிறது, அங்கே திருப்பித்தான் இழுக்கவேண்டும்.

கடை இனி செவ்வாய்க்கிழமை கிடையாது.